பழைய மருந்துக் குடுவை: அசலா, போலியா?

வணிகப் பெருமக்களே, பழைய பாக்கிக்கு ஈடாகப் பித்தளைச் சாமான் வாங்கிக்கொள்ளும் வழக்கம் நம்மிடையே உண்டு. பெரம்பலூர், அரியலூர் பக்கம் ஆசைக்காகப் பழம்பொருள் சேர்ப்பவர்களும் இருக்கிறார்கள். "ரஞ்சன்குடிக் கோட்டைச் சண்டையில் வெள்ளைக்காரச் சிப்பாய் விட்டுப்போனது" என்று வெடிமருந்துக் குடுவையையோ தோட்டாப் பையையோ ஒருவர் நீட்டினால் எப்படிப் பார்ப்பது?

வாலிகண்டபுரம் அருகே 1751-ல் சண்டை நடந்தது உண்மை. சந்தா சாகிப் பக்கம் பிரெஞ்சுக்காரரும், முகமது அலி பக்கம் ஆங்கிலேயரும் நின்றார்கள். ஆனால் அந்தக் காலத்திலேயே சிப்பாய்கள் காகிதத்தில் சுற்றிய தோட்டாவைத்தான் வைத்திருந்தார்கள். குடுவை பெரும்பாலும் வேட்டைக்காரர் சாமான். கதை அங்கேயே இடிக்கிறது.

அடுத்தது முத்திரை. கிழக்கிந்தியக் கம்பெனி முதலில் இதய வடிவக் குறியைப் போட்டது. அது நம் மூட்டைக் குறி மாதிரி வியாபாரக் குறிதான்! 1808 முதல் கிரீடம் ஏந்திய சிங்கம் வந்தது. சிங்கம் இருந்தால் அது 1751 சரக்கு அல்ல. கேப்பு வைத்துச் சுடும் துப்பாக்கி கம்பெனிப் படைக்கு வந்ததே 1840-களில். கேப்புப் பையில் இதயக் குறி இருந்தால், வேறு மில் சாக்கில் அரிசி கட்டிய கதைதான். 1858-ல் ஆட்சி ராணிக்குப் போனது. கம்பெனிச் சின்னத்தோடு 1870 என்று பொறித்திருந்தால் பேச்சே வேண்டாம்.

பிறகு கையில் எடுத்துப் பாருங்கள். பழைய செப்புக் குடுவை மெல்லிய தகடு இரண்டைச் சேர்த்துப் பற்றவைத்தது. ஓரத்தில் இணைப்பு தெரியும். வார்ப்புப் போலி கனக்கும், முத்திரையின் விளிம்பும் மழுங்கியிருக்கும். கை படும் இடம் தேய்ந்து, இடுக்கில் கறுப்பு நிற்க வேண்டும். எங்கும் ஒரே கறுப்பென்றால் மருந்து பூசியது. கூட்டல் குறித் திருகாணி 1930-களில் வந்தது. புளி போட்டுத் தேய்க்காதீர்கள். பழமையும் போகும், விலையும் போகும்.

மண்ணில் கிடைத்தது என்றால் இன்னொரு சங்கதி. 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி 10 ரூபாய்க்கு மேற்பட்ட புதையலைக் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும். நூறாண்டு கடந்த தொல்பொருளை வியாபாரம் செய்ய 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி உரிமம் தேவை. துப்பாக்கியின் பாகம் 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தில் வரக்கூடும். ஆகவே பணம் கொடுக்கும் முன், விற்பவர் பெயரும், பொருள் எங்கே கிடைத்தது என்பதும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். எழுதித் தர மறுத்தால், பாக்கி நிலுவையிலேயே இருக்கட்டும்.