இறுக்குவதற்கும் ஓர் அளவு உண்டு



மோட்டார் பட்டறை ஒன்றின் வாசலில் சிறிது நேரம் நின்று பாருங்கள். வேலை பழகும் இளைஞர் ஒருவர் காரின் எஞ்சினுக்குள் குனிந்து ஒரு நட்டை முடுக்கிக் கொண்டிருக்கிறார். நட்டு நன்றாகவே இறுகிவிட்டது. ஆனால் அவருக்கு மனம் நிறையவில்லை. "கழன்றுவிடக் கூடாது, இன்னும் கொஞ்சம்" என்று ஸ்பானரில் தம் உடல் பாரத்தையே சாய்க்கிறார். 'டக்' என்று ஓர் ஓசை! நட்டோடு சேர்ந்து ஸ்டட்டின் பாதி கையில் வந்துவிட்டது. மறுபாதி எஞ்சினுக்குள்ளேயே நின்றுவிட்டது. பத்து நிமிடத்தில் முடிய வேண்டிய வேலை. இனி முறிந்த துண்டைத் துளையிட்டு எடுக்க அரை நாள் ஆகும்.

கழன்றுவிடக் கூடாது என்று இறுக்கினால் முறிகிறது. முறிந்துவிடக் கூடாது என்று விட்டால் கழல்கிறது. இரண்டுக்கும் நடுவில் சரியான அளவு எது? அதை எப்படி அறிவது? காரின் புகைக்குழாயை எஞ்சினோடு பிணைக்கும் சிறிய நட்டுகளையே எடுத்துக்கொண்டு இதற்கு விடை காண்போம்.

புகை செல்லும் வழி

பெட்ரோல் எஞ்சினின் உருளைகளில் எரிபொருள் எரிந்ததும் சூடான வாயுக்கள் உண்டாகின்றன. நான்கு உருளைகளிலிருந்தும் வரும் வாயுக்களை ஒன்றாகத் திரட்டி ஒரே குழாயில் சேர்க்கும் வார்ப்பிரும்பு அமைப்பு ஒன்று எஞ்சினின் பக்கத்தில் பொருத்தப்பட்டிருக்கும். இதைப் புகை மேனிபோல்டு என்பர். எஞ்சினின் தலைப்பகுதி பெரும்பாலும் அலுமினியக் கலவையால் ஆனது. இவ்விரண்டுக்கும் நடுவே காஸ்கெட்டு என்னும் மெல்லிய தகடு இருக்கும். தலைப்பகுதியில் திருகி நிறுத்திய ஸ்டட்டுகளும் அவற்றின்மேல் முடுக்கிய நட்டுகளும் மூன்றையும் சேர்த்துப் பிடித்திருக்கும். பல கார்களில் இந்த ஸ்டட்டின் விட்டம் 8 மில்லிமீட்டர்தான். நம் சுண்டு விரலைவிட மெலிது!

எஞ்சின் நிமிடத்துக்கு 3000 சுற்று சுழலும்போது இந்த மேனிபோல்டு வழியே நொடிக்கு 100 முறை வாயு வெடித்துப் பாய்கிறது. இணைப்பு தளர்ந்திருந்தால் என்ன ஆகும்? காலையில் எஞ்சினைக் கிளப்பியதும் 'டிக், டிக்' என்று ஓசை கேட்கும். அது மட்டுமானால் பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் அந்த வாயுவில் கார்பன் மோனாக்சைடு இருக்கிறது. அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. நம் இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபின் ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேலான நாட்டத்துடன் இதைப் பற்றிக்கொள்ளும். கசிந்த வாயு காரின் உட்புறம் புகுந்தால், உள்ளே இருப்பவர்கள் தலைவலியும் மயக்கமும் ஏன் வந்தன என்று அறியாமலே உயிரை இழக்கக்கூடும்.

இன்னொரு கேடும் உண்டு. வாயு பாய்ந்து சென்ற மறுகணம் குழாயினுள் அழுத்தம் குறையும். அப்போது கசிவு வழியே வெளிக்காற்று உள்ளே உறிஞ்சப்படும். தற்காலக் கார்களில் புகையிலுள்ள ஆக்சிஜனை அளந்து, அதற்கேற்ப எரிபொருளைக் கூட்டியும் குறைத்தும் விடும் உணர்கருவி உள்ளது. கசிவினால் புகுந்த ஆக்சிஜனை அது எஞ்சினிலிருந்து வந்ததாக எண்ணி ஏமாந்துபோகும். வேண்டாத எரிபொருளை விடச் செய்யும். ஒரு நட்டின் தளர்ச்சி எங்கெல்லாம் போய்ச் சேருகிறது, பார்த்தீர்களா?

ஸ்பானர் செய்யும் வேலை

கதவைத் திறக்கும்போது கீலுக்கு அருகில் தள்ளிப் பாருங்கள், கடினமாக இருக்கும். கைப்பிடியருகில் தள்ளினால் எளிதில் திறக்கும். விசையும், அது செயல்படும் தூரமும் சேர்ந்தே ஒரு பொருளைத் திருப்புகின்றன. இவ்விரண்டின் பெருக்கற்பலனே திருப்புத்திறன். பட்டறைகளில் இதை 'டார்க்' என்பார்கள்.

20 சென்டிமீட்டர் நீளமுள்ள ஸ்பானரின் நுனியில் 100 நியூட்டன் விசையைச் செலுத்துவதாகக் கொள்வோம். இது ஏறத்தாழ 10 கிலோகிராம் எடையைத் தூக்கும் விசை. அப்போது திருப்புத்திறன் 100 × 0.2 = 20 நியூட்டன் மீட்டர். 8 மில்லிமீட்டர் ஸ்டட்டுள்ள மேனிபோல்டு நட்டுகளுக்குப் பல எஞ்சின்களின் கையேடுகளில் கொடுக்கப்படும் அளவு இதற்குப் பக்கத்தில்தான் இருக்கும்.

இந்தச் சிறு முயற்சியால் ஸ்டட்டில் எவ்வளவு இழுவிசை உண்டாகிறது? கணக்கிட்டுப் பார்ப்போம். ஒரு செங்கோண முக்கோண வடிவில் காகிதத்தை வெட்டிப் பென்சிலின்மேல் சுற்றுங்கள். காகிதத்தின் சரிந்த ஓரம் திருகு போல ஏறிச் செல்லும். ஆம், மரை என்பது சுற்றி வைத்த சாய்தளமே! 8 மில்லிமீட்டர் ஸ்டட்டில் நட்டு ஒரு முழுச் சுற்று சுற்றினால் 1.25 மில்லிமீட்டர்தான் முன்னேறும். அதே நேரத்தில் ஸ்பானரைப் பிடித்த கை 2 × 3.14 × 20, அதாவது ஏறத்தாழ 126 சென்டிமீட்டர் சுற்றி வரும். கை செல்லும் தூரம் நட்டு செல்லும் தூரத்தைப் போல ஏறத்தாழ 1000 மடங்கு. எனவே உராய்வே இல்லையென்றால் 100 நியூட்டன் விசை 1,00,000 நியூட்டனாகப் பெருகும். பத்து டன் எடையைத் தாங்கும் இழுவிசை!

உண்மையில் அவ்வளவு கிடைப்பதில்லை. உலர்ந்த, தூய்மையான மரையில் ஏறத்தாழ 12,500 நியூட்டன்தான் கிடைக்கும். மற்றதெல்லாம் எங்கே போயிற்று? ஏறத்தாழப் பாதி நட்டின் அடிப்பரப்பு உராய்வதிலும், மீதியில் பெரும்பகுதி மரைகள் ஒன்றோடொன்று உராய்வதிலும் செலவாகிவிடுகிறது. நாம் கொடுத்த திருப்புத்திறனில் எட்டில் ஒரு பங்குதான் ஸ்டட்டை இழுக்கிறது. அந்த எட்டில் ஒரு பங்கே ஒன்றேகால் டன்னைத் தாங்கும் என்றால் வியப்பாக இல்லையா?

ஸ்டட் ஒரு சுருள்வில்

இழுவிசை என்றோம். எஃகு ஸ்டட் நீளுமா? நீளும். கம்பியை இழுக்கும் விசைக்கேற்ப அதன் நீட்சியும் அமையும் என்பதை இராபர்ட் ஹூக் 1678-ஆம் ஆண்டில் வெளியிட்டார். நீங்கள் பாடத்தில் படிக்கும் அதே ஹூக் விதிதான் இங்கும் செயல்படுகிறது. 12,500 நியூட்டன் இழுவிசையில், 40 மில்லிமீட்டர் நீளமுள்ள பகுதி ஏறத்தாழ 0.07 மில்லிமீட்டர் நீளும். ஒரு தலைமயிரின் பருமன் அவ்வளவுதான்.

நீண்ட ஸ்டட் பழைய நீளத்துக்குச் சுருங்க முயல்கிறது. அந்த முயற்சியே மேனிபோல்டையும் தலைப்பகுதியையும் சேர்த்து அழுத்துகிறது. ஆகவே நட்டை இறுக்குவது என்பது உண்மையில் மிக வலிமையான ஒரு சுருள்வில்லை இழுத்து வைப்பதே ஆகும்.

சுருள்வில்லை அளவுக்கு மீறி இழுத்தால் அது மீண்டும் சுருங்காது அல்லவா? ஸ்டட்டுக்கும் அப்படி ஒரு மீட்சி எல்லை உண்டு. போல்ட்டின் தலையில் 8.8 என்று பொறித்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். முதல் எண்ணை 100-ஆல் பெருக்கினால் 800. ஒரு சதுர மில்லிமீட்டருக்கு 800 நியூட்டன் வரை இழுத்தால் முறியும் என்பது பொருள். இரண்டாவது எண் 0.8 பங்கைக் குறிக்கும். அதாவது 640 நியூட்டனிலேயே மீட்சி எல்லை வந்துவிடும். மரையுள்ள இடத்தில் 8 மில்லிமீட்டர் போல்ட்டின் பயனுறு பரப்பு ஏறத்தாழ 36.6 சதுர மில்லிமீட்டர். ஆகவே 23,400 நியூட்டனில் எல்லை. 29,000 நியூட்டனுக்குச் சற்று மேல் முறிவு.

இனி நம் இளைஞரின் கதைக்கு வருவோம். அவர் ஸ்பானரில் ஒரு பைப்பைச் செருகி 60 சென்டிமீட்டர் நீளமாக்கிக்கொண்டு, அதே 100 நியூட்டனைச் செலுத்தினால் திருப்புத்திறன் 60 நியூட்டன் மீட்டர் ஆகிவிடும். இழுவிசையும் மூன்று மடங்கு, அதாவது 37,500 நியூட்டன்! ஸ்டட் முறியாமல் என்ன செய்யும்?

ஒரே அளவு, மூன்று முடிவுகள்

"சரி, திருப்புத்திறனை அளந்து இறுக்கினால் கவலை இல்லையே" என்று நீங்கள் கேட்கலாம். அதற்கென்றே டார்க் ரென்ச்சு என்னும் கருவி உள்ளது. அதன் எளிய வகை ஒன்றில், நாம் இழுக்கும்போது தண்டு சிறிது வளையும். வளைவுக்கேற்ப ஒரு முள் அளவைக் காட்டும். இங்கும் ஹூக் விதிதான்! மற்றொரு வகையில், முன்கூட்டியே வைத்த அளவு வந்ததும் 'கிளிக்' என்று ஓசை எழும்.

ஆனால் கவனியுங்கள். நமக்கு வேண்டியது இழுவிசை. கருவி அளப்பதோ திருப்புத்திறன். இரண்டுக்கும் நடுவே உராய்வு நிற்கிறது. உராய்வு மாறினால் கணக்கே மாறிவிடும்.

அதே 20 நியூட்டன் மீட்டரை மூன்று ஸ்டட்டுகளுக்குக் கொடுப்போம். முதலாவது துருப் பிடித்தது. அதில் உராய்வு மிகுதி. இழுவிசை ஏறத்தாழ 8,300 நியூட்டனாகக் குறைந்துவிடும். இரண்டாவது தூய்மையானது, உலர்ந்தது. அதில் 12,500 நியூட்டன். மூன்றாவதில் நன்றாக மசகு தடவியிருக்கிறது. அதில் ஏறத்தாழ 20,800 நியூட்டன்! கருவி மூன்று முறையும் ஒரே இடத்தில்தான் 'கிளிக்' என்றது. ஆனால் முதலாவது தளர்வு. மூன்றாவதோ மீட்சி எல்லையை நெருங்கிவிட்டது. எஞ்சின் சூடேறும்போது எஃகின் வலிமை குறையும். அப்போது அது தாங்குமா என்பதே ஐயம்.

ஆகவே கையேட்டில் அளவைப் பார்ப்பது மட்டும் போதாது. அது உலர்ந்த மரைக்கா, மசகிட்ட மரைக்கா என்பதையும் பார்க்க வேண்டும். மரையைக் கம்பித் தூரிகையால் துலக்க வேண்டும். துருப்பிடித்த நட்டை மாற்றிவிட வேண்டும். எஃகோடு துருவேறி ஒட்டிக்கொள்ளாமல் இருக்கவே சில கார்களில் இவ்விடத்தில் செப்பு பூசிய நட்டுகளைப் பயன்படுத்துகிறார்கள்.

வெப்பம் செய்யும் குறும்பு

மற்ற இணைப்புகளுக்கு இல்லாத ஒரு தொல்லை புகைக்குழாய்க்கு உண்டு. அதுதான் வெப்பம். 40 சென்டிமீட்டர் நீளமுள்ள வார்ப்பிரும்பு மேனிபோல்டின் வெப்பநிலை 500 பாகை செல்சியஸ் உயர்ந்தால் அது ஏறத்தாழ 2.2 மில்லிமீட்டர் நீளும். நீர் ஓடிக் குளிர்விக்கும் அலுமினியத் தலைப்பகுதியின் வெப்பநிலை 70 பாகைதான் உயர்கிறது என்று கொண்டால், அது 0.6 மில்லிமீட்டர் அளவே நீளும். ஆக, ஒன்றன்மேல் ஒன்று ஏறத்தாழ ஒன்றரை மில்லிமீட்டர் வழுக்கியே ஆக வேண்டும். ஒவ்வொரு முறை கார் ஓடி நிற்கும்போதும் இதே கதை.

இதற்காகவே மேனிபோல்டின் துளைகளைச் சற்றுப் பெரிதாக விடுகிறார்கள். நடுவிலிருந்து விலக விலக நகர்வு மிகுதி. அதனால்தான் பெரும்பாலும் இரு ஓரங்களிலும் உள்ள ஸ்டட்டுகளே முதலில் முறிகின்றன. புகை கசியாத அளவுக்கு அழுத்த வேண்டும். ஆனால் உலோகம் விரிந்து சுருங்க இடமும் கொடுக்க வேண்டும். அதிக இறுக்கம் இங்கே இரட்டிப்புக் கேடு.

புதிய காஸ்கெட்டு முதல் சூட்டில் சற்று அமுங்கும். அது 0.03 மில்லிமீட்டர் அமுங்கினாலே போதும், 0.07 மில்லிமீட்டர் நீட்சியில் ஏறத்தாழப் பாதி போய்விடும். இழுவிசையிலும் பாதி போய்விடும்! ஆகவேதான் சில எஞ்சின்களில், ஓட்டிக் குளிர்ந்தபின் மறுபடியும் ஒருமுறை அளந்து இறுக்கச் சொல்வார்கள்.

முறையாக இறுக்குவது எப்படி?

எஞ்சின் நன்றாகக் குளிர்ந்திருக்க வேண்டும். எல்லா நட்டுகளையும் முதலில் கையாலேயே ஏற்ற வேண்டும். மரை கோணலாக ஏறினால் கை உடனே உணர்ந்துவிடும், ஸ்பானர் உணராது. பிறகு நடுவிலுள்ள நட்டில் தொடங்கி, இப்பக்கம் ஒன்று அப்பக்கம் ஒன்றாக ஓரங்களை நோக்கிச் செல்ல வேண்டும். முதற் சுற்றில் பாதி அளவு, அடுத்த சுற்றில் முழு அளவு. ஓர் ஓரத்தை முதலில் முழுதும் இறுக்கிவிட்டால் மறு ஓரம் தூக்கிக்கொள்ளும். காஸ்கெட்டும் சீராக அமராது. டார்க் ரென்ச்சை அதன் பிடியிலேயே பிடித்து, வெட்டி இழுக்காமல் மெதுவாகவும் சீராகவும் இழுக்க வேண்டும். 'கிளிக்' கேட்டதும் நிறுத்திவிட வேண்டும். "இன்னும் கொஞ்சம்" கூடாது.

எல்லா இடத்துக்கும் ஒரே அளவு என்றும் எண்ணிவிடாதீர்கள். முன்சக்கரங்களால் இயங்கும் பல கார்களில், மேனிபோல்டுக்குக் கீழே குழாய் சேரும் இடத்தில், சுருள்வில் கோத்த போல்ட்டுகள் இருக்கும். எஞ்சின் ஆடும்போது குழாயும் சற்று அசைந்து கொடுக்க வேண்டும் என்பதற்காகச் செய்த ஏற்பாடு அது. எனவே ஒவ்வோர் இணைப்புக்கும் அதற்குரிய அளவைக் கையேட்டில் பார்த்தே இறுக்க வேண்டும்.

செய்து பாருங்கள்

1. 8 மில்லிமீட்டர் போல்ட்டும் நட்டும் வாங்குங்கள். நட்டைச் சரியாக 10 சுற்றுகள் சுற்றி, அது நகர்ந்த தூரத்தை அளவுகோலால் அளந்து 10-ஆல் வகுங்கள். 1.25 மில்லிமீட்டர் வருகிறதா?

2. ஸ்பானரின் நீளம் 30 சென்டிமீட்டர் என்றால், 20 நியூட்டன் மீட்டர் திருப்புத்திறன் பெற எவ்வளவு விசை வேண்டும்?

3. 40 மில்லிமீட்டருக்குப் பதிலாக 80 மில்லிமீட்டர் நீளமுள்ள ஸ்டட்டைப் பயன்படுத்தினால், காஸ்கெட்டு 0.03 மில்லிமீட்டர் அமுங்கும்போது இழுவிசையில் எத்தனை பங்கு குறையும்? நீண்ட ஸ்டட் நல்லதா, குட்டையான ஸ்டட் நல்லதா?

ஓடிக்கொண்டிருக்கும் எஞ்சினையோ சூடான புகைக்குழாயையோ ஒருபோதும் தொட்டுப் பார்க்காதீர்கள். மூடிய கொட்டகைக்குள் எஞ்சினை ஓடவிடவும் கூடாது.

அடுத்த முறை பட்டறைப் பக்கம் போனால், அனுபவம் மிக்க மெக்கானிக்கின் கையைக் கவனியுங்கள். மரையைத் துடைப்பார், நட்டைக் கையால் ஏற்றுவார், அளந்து இறுக்குவார், நிறுத்துவார். நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்துவதே அந்தக் கையின் திறமை என்பது இப்போது உங்களுக்குப் புரியும்.