வழக்காறும் அரசியல் சட்டமும்: நாகாலாந்தின் அனுபவம்

நாடு முழுவதற்கும் சட்டம் இயற்றும் அதிகாரம் தனக்கே உரியது என்பது நவீன அரசின் அடிப்படைக் கொள்கை. ஆனால், அத்தகைய அரசு தோன்றுவதற்கு முன்பே நிலம், திருமணம், தகராறு ஆகியவற்றை ஒழுங்குபடுத்தி வந்த வழக்காறுகள் பல சமூகங்களில் இன்றும் உயிருடன் உள்ளன. இவ்விரண்டையும் இணைத்துச் செல்வதிலுள்ள சிக்கலுக்கு நாகாலாந்து தக்கதோர் எடுத்துக்காட்டாகும்.

1962-ஆம் ஆண்டின் 13-வது திருத்தம் அரசியல் சட்டத்தில் 371-ஏ பிரிவைச் சேர்த்தது. நாகர்களின் சமய, சமூகப் பழக்கங்கள், வழக்காற்றுச் சட்டம், அதன்படி வழங்கப்படும் நீதி, நிலவுடைமை ஆகியவை குறித்து நாடாளுமன்றம் இயற்றும் சட்டம், மாநிலச் சட்டமன்றம் தீர்மானம் நிறைவேற்றினாலன்றி அங்குச் செல்லாது. 1963 டிசம்பர் 1-ஆம் நாள் மாநிலம் உதயமாயிற்று.

கிராம மன்றங்களும் துபாஷிகளின் நீதிமன்றங்களும் இன்றும் வழக்காற்றின்படி தீர்ப்பளிக்கின்றன. ஆங்கில ஆட்சியில் மொழிபெயர்ப்பாளராக இருந்த துபாஷிகள், காலப்போக்கில் வழக்காறு அறிந்த நடுவர்களாயினர். வழக்காடுவோருக்குப் பழக்கமான முறையில் நீதி கிடைப்பது இவ்வமைப்பின் சிறப்பு.

எனினும், எது வழக்காறு என்று உரைக்கும் உரிமை யாருக்கு உண்டு? கிராம மன்றங்களில் அமர்வோர் பெரும்பாலும் ஆண்களே. பரம்பரை நிலத்தில் பெண்களுக்குப் பொதுவாகப் பங்கு இல்லை. 1993-ல் நடைமுறைக்கு வந்த 74-வது திருத்தம், நகராட்சிகளில் மூன்றில் ஒரு பங்கு இடங்களை மகளிர்க்கு ஒதுக்கியபோது இக்கேள்வி கூர்மையடைந்தது. இந்த ஒதுக்கீடு 371-ஏ பிரிவுக்கு முரணானது எனப் பழங்குடி அமைப்புகள் பல எதிர்த்தன. நகராட்சி என்பது பரம்பரை அமைப்பன்று, அரசு சட்டத்தால் உருவாக்கியதே என்று கூறி நாகப் பெண்கள் நீதிமன்றத்தை நாடினர். 2017-ல் எழுந்த கிளர்ச்சியில் உயிர்கள் பலியாயின. கோகிமாவில் அரசு அலுவலகங்கள் எரிந்தன. முதலமைச்சர் பதவி விலகினார்.

நீண்ட பேச்சுக்குப் பின், 2023 நவம்பரில் புதிய நகராட்சிச் சட்டம் நிறைவேறியது. நிலம், கட்டடங்கள் மீதான வரியும், தலைவர் பதவிக்கான மகளிர் ஒதுக்கீடும் கைவிடப்பட்டன. உறுப்பினர் இடங்களில் 33 விழுக்காடு ஒதுக்கீடு நிலைத்தது. 2024 ஜூன் 26-ல், இருபது ஆண்டுகளுக்குப் பின், நகராட்சித் தேர்தல் நடைபெற்றது.

வழக்காற்றை அரசு மதிப்பது நியாயமே. ஆனால், அம்மதிப்பு வழக்காற்றின் பெயரால் பேசுவோருக்கு மட்டும் உரியதாகிவிடக் கூடாது. அதற்குக் கட்டுப்பட்டு வாழும் பெண்களுக்கும் அதை வகுப்பதில் பங்கு வேண்டும். நகராட்சியில் அவர்களுக்கு இடம் கிடைத்துள்ளது. கிராம மன்றத்திலும் நிலத்திலும் அது இன்னும் கிடைக்க வேண்டியுள்ளது.