பந்து போன பிறகும் வேலை உண்டு!

ஃபுட்பால் என்றதும் நம்ம பதினொரு பேர் ஆட்டத்தை நினைச்சுக்காதீங்க. நான் சொல்ல வந்தது ஆஸ்திரேலியன் ரூல்ஸ். நீள்வட்ட மைதானம், பக்கத்துக்கு 18 பேர், இரு முனையிலும் நான்கு நான்கு கம்பங்கள். நடுக் கம்பங்களுக்கு இடையே உதைத்தால் கோல், 6 புள்ளி. ஓரத்தில் போனால் ‘பிஹைண்ட்’, 1 புள்ளி.

இதில் ஆஃப்சைடு கிடையாது. அப்படியானால் ஃபார்வர்டு கோல் வாசலிலேயே காத்து நிற்கலாமே என்பீர்கள். ஒரு காலத்தில் நின்றார்கள். 1983 முதல் 2002 வரை ஆடிய டோனி லாக்கெட் 1360 கோல் குவித்தார். இன்று அது மட்டும் போதாது. எதிரணித் தடுப்பாளர் கையில் பந்து கிடைத்து, அவரை யாரும் நெருக்காவிட்டால், நிதானமாகப் பார்த்து உதைப்பார். நாலே உதையில் பந்து நம்ம வாசலுக்கு வந்துவிடும்!

அவரைப் பிடித்தால்? பந்தை விடுவிக்க அவகாசம் இருந்தும் விடாமல் பிடிபட்டால், பிடித்தவருக்கு ஃப்ரீ கிக். அதுவும் கோலுக்கு முப்பது மீட்டரில் என்றால் நேரே கோல் வாய்ப்புதான். கபடியில் ரெய்டரைப் பிடித்தால் பாயிண்ட் நமக்கு வருகிற மாதிரி. ஆகவே துரத்துவதையும் தாக்குதல் கணக்கில்தான் நான் சேர்ப்பேன்.

அதற்காக எல்லோரும் துரத்தினால் குட்டிச்சுவர்தான். கிட்டே இருப்பவர் ஆளை நெருக்க வேண்டும், அதுவும் மைதான ஓரத்தை நோக்கித் தள்ளுகிற கோணத்தில். இன்னொருவர் பக்கத்து ஆளுக்குப் போகும் ஹேண்ட்பால் பாதையை அடைக்க வேண்டும். மற்றொருவர் நடு மைதானத்துக்கான உதையைக் காக்க வேண்டும். உயரமான ஒருவர் வாசல் பக்கமே இருக்கணும். இல்லாவிட்டால் பந்தை மீட்டும் உதைத்துக் கொடுக்க ஆள் இருக்காது.

2017-ல் ரிச்மண்ட் செய்தது கிட்டத்தட்ட இதைத்தான். உயரத்துக்கு ஜாக் ரீவோல்ட், சுற்றிலும் பட்லர், காஸ்டாக்னா, டேனியல் ரியோலி என்று குட்டி வேகக்காரர்கள். இறுதிப் போட்டியில் அடிலெய்டை 48 புள்ளிகளில் வீழ்த்தி, 1980-க்குப் பிறகு முதல் கோப்பை!

ஆனால் துரத்தித் துரத்தி மூச்சு வாங்குகிறவர் உதைத்தால் பந்து கோணலாகத்தான் போகும். உட்கார வைத்து மாற்றலாமே என்றால், அதற்கும் வரம்பு: 2021-ல் ஒரு ஆட்டத்துக்கு 75 மாற்று என்று குறைத்துவிட்டார்கள். எந்தத் துரத்தலை விடுவது என்று ஓடிக்கொண்டே முடிவு செய்ய வேண்டியவர் அந்த ஃபார்வர்டுதான்.