காளான் மருந்தா? அக்கா சொல்லுறன் கேள்

மாரி தொடங்கினால் மட்டக்களப்பில் படுவான்கரைப் பக்கம் கறையான் புற்றடியில் காளான் கிளம்பும். காய்ச்சல் விட்டு எழும்பின ஆளுக்கு எங்கட வீட்டில் மிளகு தட்டிப்போட்ட காளான் சொதிதான். வாய்க்கு ருசி திரும்பும், நாலு வாய் சோறு கூட இறங்கும். அதற்குமேல் அதில் அதிசயம் தேடாதே தங்கச்சி.

சந்தையில் வாங்கும் சிப்பிக்காளானைச் சமைக்க முதல் ஒரு வேலை செய். நீட்டாகக் கிழித்து, குடையின் அடி மடிப்புகள் மேலே பார்க்கச் சுளகில் பரப்பி, உச்சி வெயிலில் 15 நிமிடமாவது வை. காளானில் இருக்கும் எர்கோஸ்டெரோல் வெயில் பட்டு விட்டமின் டி ஆகும். 100 கிராமில் 10 மைக்ரோகிராம் அளவுக்கு ஏறும். கண்ணாடி யன்னலுக்குள் வைத்துப் பிரயோசனமில்லை, முற்றத்தில் வை. வீட்டுக்குள்ளேயே இருக்கும் வயதான அம்மாமாருக்கு இது நல்லது. பிறகு நல்லா வேகவிடு, பச்சையாகத் தின்றால் செமிக்காது.

கொலஸ்ட்ரோல் குளிசையில் இருக்கும் லோவாஸ்டாட்டின் சிப்பிக்காளானிலும் கொஞ்சம் உண்டு. அதைக் கேட்டுவிட்டு கிளினிக்கில் தந்த குளிசையை நிறுத்திவிடாதே.

ரெய்ஷிக் காளான் என்று கப்சூலும் கோப்பிப் பக்கெட்டும் வீடுவீடாக வருகுது. சீனர் நூற்றாண்டுக் கணக்கில் பாவித்தது உண்மை. ஜப்பானில் 1977இல் வேறொரு மரக்காளானின் சாற்றைப் புற்றுநோய்க்கு அனுமதித்ததும் உண்மை. ஆனால் அது வைத்தியர் அளந்து, மற்றச் சிகிச்சையோடு சேர்த்துக் கொடுத்த மருந்து. இரத்தம் உறையாமலிருக்கக் குளிசை போடுகிற ஆள் டொக்டரைக் கேளாமல் ரெய்ஷியைத் தொடவே கூடாது. என்னைக் கேட்டால், அந்தக் காசுக்கு மீன் வாங்கு.

இனிக் காட்டுக்காளான். உள்ளி கருத்தால் நஞ்சு, வெள்ளிக்காசு கருத்தால் நஞ்சு, பூச்சி தின்றால் நாமும் தின்னலாம் — மூன்றும் பொய். முற்றத்துப் புல்லில் பெரிய வெள்ளைக் குடையாக வரும் ஒன்று, முற்றினால் அடி மடிப்பு பச்சையாகும். அதைத் தின்றால் சில மணித்தியாலத்திலேயே வாந்தியும் வயிற்றோட்டமும் பிடிக்கும். அதைவிடப் பொல்லாதது, தின்று ஆறு மணித்தியாலம் கழித்துத் தொடங்குகிற வாந்தி. அடுத்த நாள் ஆள் தெளிந்த மாதிரி இருக்கும், உள்ளே ஈரல் பழுதாகிக்கொண்டிருக்கும். சுகம் வந்துவிட்டது என்று வீட்டில் வைத்திருக்காதே. 1990க்கு அடித்து அம்புலன்சைக் கூப்பிடு. சமைக்காமல் மிஞ்சின காளான் இருந்தால் கடதாசியில் சுற்றிக் கையோடு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போ.