டெங்கு இரண்டாம் முறை வந்தால்

"ஒருக்கா வந்திருச்சி, இனி நமக்கு வராது" என்று லயங்களில் பலர் சொல்வதைக் கேட்கிறோம். கொரோனா காலத்திலும் இதே பேச்சுத்தான். அது மறுபடி வந்தது. ஆனால் அநேகருக்கு இரண்டாம் முறை லேசாகவே வந்து போனது. டெங்குக் காய்ச்சலோ நேர்மாறு. இதில் இரண்டாம் தடவைதான் கூடுதல் ஆபத்து.

ஏன் என்று பார்ப்போம். டெங்குக் கிருமியில் நான்கு வகை உண்டு. ஒரு வகை வந்து சுகமானால் அதே வகை திரும்ப வருவது மிக அரிது. மற்ற மூன்று வகைக்கும் சில மாதங்கள்தான் பாதுகாப்பு. அதன்பின் வேறு வகை உடம்பில் நுழைந்தால், முதல் தடவை உண்டான எதிர்ப்புச் சத்து அதைப் பிடித்துக்கொள்ளும்; ஆனால் அழிக்காது. பிடித்தபடியே நம் வெள்ளை அணுக்களுக்குள் கூட்டிப் போய்விடும். காவல்காரனே கதவைத் திறந்துவிட்ட கதைதான்! கிருமி பெருகுகிறது, இரத்தக் குழாயிலிருந்து நீர் கசிகிறது, இரத்த அழுத்தம் விழுகிறது. எல்லோருக்கும் இப்படி ஆவதில்லை, பெரும்பாலானோர் சுகமாகிறார்கள். யாருக்கு ஆகும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது என்பதே சங்கடம்.

திருகோணமலை மாவட்டம் இதை 2017இல் கண்டது. அதற்கு முந்திய சில வருஷங்கள் நாட்டில் அதிகம் பரவியது முதலாம் வகை. 2017இல் இரண்டாம் வகை மேலோங்கியது. அவ்வருடம் இலங்கை முழுதும் 1,86,000க்கு மேற்பட்டோருக்கு டெங்கு கண்டது. மார்ச் மாதம் கிண்ணியாவில் ஆஸ்பத்திரி நிரம்பி வழிந்தது, உயிர்களும் போயின, பாடசாலைகளைச் சில நாட்கள் மூட வேண்டியும் வந்தது. மழை குறைந்த பக்கம் ஆச்சே, நுளம்பு எங்கே என்று கேட்கலாம். தண்ணீர் அருமையான இடத்தில்தான் வீட்டுக்கு வீடு தொட்டி, பரல் என்று சேர்த்து வைப்பார்கள். டெங்கு நுளம்புக்கு அந்தச் சுத்தத் தண்ணீரே போதும். அதன் முட்டை காய்ந்த தொட்டிச் சுவரில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். ஆகவே தண்ணீரை ஊற்றிவிட்டால் மட்டும் போதாது, உட்சுவரைத் தேய்த்துக் கழுவ வேணும்.

தோட்டத்திலிருந்து கடை வேலை, கட்டிட வேலை என்று திருகோணமலை, கொழும்புப் பக்கம் போய்வரும் பிள்ளைகள் இதைக் கவனிக்க வேணும். ஒரு ஊரில் ஒரு வகை, இன்னொரு ஊரில் வேறு வகை என்று பிடிக்கலாம். முதல் தடவை சாதாரணக் காய்ச்சல் மாதிரி வந்து, டெங்கு என்றே தெரியாமல் போயிருக்கவும் கூடும்.

காய்ச்சலுக்குப் பனடோல் மட்டும், அதுவும் அளவோடு. அஸ்பிரின், புரூபன் வேண்டாம். இரத்தக் கசிவைக் கூட்டும். மூன்றாம் நாளும் காய்ச்சல் நின்றால் இரத்தம் பரிசோதிக்க வேணும். கர்ப்பிணிகள் அதுவரை காத்திராமல் முதல் நாளே டொக்டரிடம் காட்ட வேணும். காய்ச்சல் இறங்கிவிட்டது, நாளைக்குக் கொழுந்துக்குப் போகலாம் என்று எழும்பும் நேரம்தான் மோசமான நேரம். கடும் வயிற்றுவலி, விடாத வாந்தி, கைகால் குளிர்தல், சிறுநீர் குறைதல், முரசில் இரத்தம் - இவற்றில் ஒன்று கண்டாலும் இரவென்று பார்க்காமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேணும்.

போகும்போது, முன்பு டெங்கு வந்ததா, எந்த வருஷம் என்பதை டொக்டரிடம் சொல்லுங்கள். அப்போது ஆஸ்பத்திரியில் தந்த துண்டு இருந்தால் அதையும் கையோடு கொண்டு போங்கள்.