துணி ட்ரையர்: பின்னால் இருக்கும் குழாயையும் கவனிப்போம்



ஏற்காட்டில் மழையும் மூடுபனியும் சேரும் மாதங்களில் துணி காய்வது பெரும்பாடு. காலையில் கொடியில் போட்ட பள்ளிச் சீருடை மாலையிலும் ஈரமாகவே இருக்கும். அதனால் நம் வீடுகள் சிலவற்றிலும், ஹோம்ஸ்டே நடத்தும் குடும்பங்களிலும் மின்சார ட்ரையர் வாங்கியிருக்கிறார்கள். நல்ல வசதிதான். ஆனால் அதன் பின்னால் இருக்கும் வென்ட் குழாயைப் பொருத்திய நாளுக்குப் பிறகு பெரும்பாலும் யாரும் பார்ப்பதில்லை. ஆபத்து அங்கேதான் சேர்கிறது.

தீ எப்படிப் பிடிக்கிறது?

ட்ரையர் சூடான காற்றைத் துணிகளுக்கு நடுவே செலுத்துகிறது. ஈரத்தை ஏற்றுக்கொண்ட அந்தக் காற்று, சுமார் 4 அங்குலக் குழாய் வழியாக வெளியேறுகிறது. துணியிலிருந்து உதிரும் பஞ்சுப் பிசிறும் கூடவே போகிறது. வடிகட்டி பெரும்பகுதியைப் பிடித்துவிடும். மீதி குழாயில் படியும். குழாய் அடைத்தால் சூடு வெளியேறாது. காய்ந்த பஞ்சுக்கு ஒரு பொறி போதும்.

அமெரிக்கத் தீயணைப்பு நிர்வாகம் 2008 முதல் 2010 வரை எடுத்த கணக்கின்படி, அங்கே வீட்டு ட்ரையர்களால் ஆண்டுக்குச் சுமார் 2,900 தீ விபத்துகள் நடந்தன. முதன்மைக் காரணம் இயந்திரக் கோளாறு அல்ல. சுத்தம் செய்யாமல் விட்டதுதான்.

நம் மலையில் கூடுதல் கவனம் ஏன்?

குளிரில் குழாய் சில்லென்று இருக்கும். ஈரக்காற்று அதில் பட்டதும் நீராக மாறும்; பிசிறு அந்த ஈரத்தில் களிபோல ஒட்டிக்கொள்ளும். ஆகவே குழாய் வெளிப்பக்கம் சற்றுச் சரிந்திருக்க வேண்டும். கோடையில் இயந்திரம் சும்மா இருக்கும்போது குழாய் வாயில் குருவியோ குளவியோ கூடு கட்டலாம். குரங்குகள் குழாயை இழுத்துக் கழற்றிவிடுவதும் உண்டு.

குளிருக்குப் பயந்து ஜன்னலைச் சாத்திவிட்டுக் குழாயை அறைக்குள்ளேயே விடுவது தவறு. அந்த ஈரம் முழுவதும் சுவரில் இறங்கிப் பூஞ்சை பிடிக்கும்; இளைப்பு உள்ள குழந்தைகளுக்கும் பெரியவர்களுக்கும் அது கெடுதல்.

செய்ய வேண்டியவை

1. ஒவ்வொரு முறை துணி போடும் முன்பும் வடிகட்டியில் உள்ள பிசிறை எடுத்துவிடுங்கள். அவ்வப்போது அதன்மேல் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். தண்ணீர் இறங்காமல் நின்றால் சோப்புப் போட்டுக் கழுவி, நன்றாகக் காயவைத்து மாட்டுங்கள்.

2. மாதம் ஒரு முறை, ட்ரையர் ஓடும்போது வெளியே குழாய் வாயில் கை வைத்துப் பாருங்கள். காற்று பலமாக வர வேண்டும்.

3. மே மாதத்தில் ஒரு முறை, செப்டம்பர் இறுதியில் ஒரு முறை முழுச் சுத்தம் செய்யுங்கள். பிளக்கைப் பிடுங்கி, இயந்திரத்தை முன்னால் இழுத்து, குழாயைக் கழற்றி, நீண்ட பிரஷால் உள்ளே துடையுங்கள். இயந்திரத்தின் பின்புறமும் கூட்டுங்கள்.

4. பிளாஸ்டிக் குழாய் வேண்டாம். உலோகக் குழாயை இயன்றவரை குட்டையாக, வளைவின்றிப் போடுங்கள். வாயில் கம்பி வலை அடித்தால் பிசிறு அதில் அடைக்கும். காற்று வரும்போது மட்டும் திறக்கும் மூடி போதும்.

5. தனி 16 ஆம்பியர் பிளக்கில் எர்த்துடன் இணையுங்கள். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் கூடாது.

துணி காய வழக்கத்தைவிட நேரம் எடுத்தாலோ, இயந்திரத்தின் மேல்பாகம் அதிகம் சுட்டாலோ, கருகல் வாசனை வந்தாலோ உடனே நிறுத்திக் குழாயைப் பாருங்கள்.

போடக் கூடாதவை

சமையல் எண்ணெய், பெட்ரோல், மண்ணெண்ணெய் பட்ட துணிகள். அடியில் ரப்பர் ஒட்டிய மிதியடிகள். ஸ்பாஞ்ச் வைத்த தொழுகை விரிப்புகள். பாதியில் கரண்ட் போய்விட்டால் சூடான துணியைக் குவியலாக உள்ளே விடாமல் எடுத்து விரித்துவிடுங்கள்.

உறங்கும் முன்

மதீனாவில் ஓர் இரவு ஒரு வீடு, இருந்தவர்களோடு எரிந்துபோன செய்தியைக் கேட்ட நபி (ஸல்) அவர்கள், உறங்கும்போது நெருப்பை அணைத்துவிடும்படி அறிவுறுத்தியதாக புகாரியில் வருகிறது. ட்ரையரும் வீட்டுக்குள் எரியும் ஒரு நெருப்புத்தான். அதை ஓடவிட்டுத் தூங்கவோ வெளியூர் போகவோ வேண்டாம்.

ட்ரையர் இல்லாத வீடுகளுக்கும் ஒரு சொல். துணி காயவும் குளிர் காயவும் கரி அடுப்பை அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்தாதீர்கள். 2024 ஆகஸ்டில் கொடைக்கானலில் கரி அடுப்பை அறையில் வைத்துத் தூங்கிய இரு இளைஞர்கள் இறந்தார்கள். கரி கக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. தூக்கத்திலேயே உயிர் போய்விடும்.

ட்ரையருக்குள் தீ தெரிந்தால் கதவைத் திறக்காதீர்கள். காற்று புகுந்தால் தீ வளரும். எட்டும் தூரத்தில் இருந்தால் மெயின் சுவிட்சை அணையுங்கள். தண்ணீர் ஊற்றாதீர்கள். எல்லோரும் வெளியேறி 101 அல்லது 112 எண்ணை அழையுங்கள்.

குழாயைக் கழற்றித் துடைக்க அரை மணி நேரம் போதும். தனியாக வாழும் முதியவர்கள் வீட்டில் ட்ரையர் இருந்தால், அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் போய் அந்த வேலையைச் செய்து கொடுங்கள். இன்ஷா அல்லாஹ், அதற்கான கூலி அல்லாஹ்விடம் உண்டு.