குந்தாவுக்குச் செல்லும் இளம் பொறியாளருக்கு



நீலகிரியில் குந்தா நீரேற்று மின்திட்டப் பணிக்கு நியமனம் பெற்றிருப்பதாக நீ எழுதிய கடிதம் கிடைத்தது, மிகுந்த சந்தோஷம். அந்தச் செய்தியை அடுத்து, மலையைக் குடைந்து மின்சாரம் எடுக்கும் தொழில் நியாயமானதுதானா என்று கேட்டிருக்கிறாய். உத்தியோகம் கிடைத்த மகிழ்ச்சியிலும் இந்தச் சந்தேகம் உன் மனத்தில் எழுந்ததே நல்ல லட்சணம்தான். அணைகளோடும் மின்பாதைகளோடும் நெடுங்காலம் வாழ்ந்தவன் என்ற உரிமையில், இத்தொழிலில் நீ முதன்மையாகக் கொள்ள வேண்டியதென்று நான் கருதும் ஒன்றை இங்கே எழுதுகிறேன்.

மின்சாரமே வேண்டாம் என்று பேசுகிறவர்களின் பேச்சில் நீ மயங்க வேண்டியதில்லை. 1932-இல் பைக்காரா ஆற்றின் நீர் மூவாயிரம் அடிக்கு மேல் சரிந்து சிங்காராவில் சக்கரத்தைச் சுழற்றி, அந்தச் சக்தி கம்பி வழியே கோயமுத்தூர்ச் சமவெளியை அடைந்த பிறகுதான், அங்கே நூற்பாலைகள் பெருகிக் கூலிக்கு வழியற்ற ஆயிரக்கணக்கான குடும்பங்கள் ஜீவனம் பெற்றன. கமலை இழுத்துக் கழுத்துத் தேய்ந்த மாடுகளுக்கு விமோசனம் கிடைத்தது. வானம் பார்த்த புன்செய்க் காட்டில் கிணற்றுப் பாசனம் விருத்தியாயிற்று. சாணத்தையும் சுள்ளியையும் எரித்துக் கண் கெட்ட தாய்மார்களின் வீட்டில் விளக்கு எரிவதை ஆடம்பரம் என்று சொல்ல எவருக்கும் உரிமையில்லை. ஜனங்களின் தேவை இன்னும் வளரும், வளர வேண்டியதும்கூட.

ஆயினும், எந்த மின்சாரமும் எதையாவது எடுத்துக்கொண்டுதான் வருகிறது. நம் நாட்டு நிலக்கரியில் நூற்றுக்கு முப்பது நாற்பது பங்கு சாம்பலாகவே எஞ்சுகிறது. அந்தச் சாம்பல் எண்ணூர்க் கழிமுகத்தில் படிந்து, கொசஸ்தலை ஆற்றின் முகத்தில் வலை வீசிப் பிழைத்தவர்களின் வாழ்வைக் குலைத்திருக்கிறது. நெய்வேலிப் பழுப்பு நிலக்கரியை எடுக்க, அதன் கீழே அழுத்தத்தோடு நிற்கும் ஊற்று நீரை ஓயாமல் இறைத்தாக வேண்டும். அணையென்றால் பள்ளத்தாக்கு மூழ்கும். சூரிய மின்சாரமென்றால் நிலம் பரந்து வேண்டும். ஆகவே தீங்கே இல்லாத சக்தியைத் தேடிக் காலத்தைக் கழிக்காதே. நான் உனக்குச் சொல்ல விரும்புவது ஒன்றுதான்: ஏற்கெனவே காயம்பட்ட இடத்திலிருந்து பெறக்கூடிய பிரயோஜனம் முழுவதையும் பெறாத வரையில், காயம்படாத இடத்தில் கை வைக்கச் சம்மதியாதே.

நீ போகும் திட்டம் இந்தக் காரணத்தினாலேயே எனக்கு உகந்தது. கனடா நாட்டின் உதவியோடு ஐம்பது, அறுபதுகளில் குந்தாவில் அணைகள் எழுந்தபோது, அம்மலைப் பழங்குடியினரான தோடர்களின் எருமைகள் மேய்ந்த புல்வெளிகளும் அவற்றின் மடிப்புகளில் ஒதுங்கி நின்ற சோலைகளும் நீருக்குள் போயின. அந்த நஷ்டம் இனி மீளாது. இன்று அதே போர்த்திமந்து நீர்த்தேக்கத்தை மேல் ஏரியாகவும், அவலாஞ்சி–எமரால்டு நீர்த்தேக்கத்தைக் கீழ் ஏரியாகவும் கொண்டு, நீரை மேலே ஏற்றித் திரும்பக் கீழே விட்டு, புதிய பள்ளத்தாக்கு எதையும் மூழ்கடிக்காமல், 125 மெகாவாட் வீதம் நான்கு இயந்திரங்களால் 500 மெகாவாட் பெறப் போகிறீர்கள். ஆனைமலையில் காடம்பாறை நிலையம் இதே முறையில் 400 மெகாவாட் தருவது நீ அறிந்ததே.

இத்தகைய நிலையம் மின்சாரத்தை உண்டாக்குவதில்லை, உண்ணுகிறது என்று குறைகூறுவோர் உண்டு. நீரை மேலேற்ற நூறு யூனிட் செலவிட்டால் எழுபத்தைந்து, எண்பதுதான் திரும்பும் என்பது மெய்யே. ஆனால் தென்மேற்குப் பருவத்தில், பாலக்காட்டுக் கணவாயிலும் செங்கோட்டையிலும் ஆரல்வாய்மொழியிலும் இரவெல்லாம் காற்று வீசி, ஊர் உறங்குவதால் வாங்குவாரின்றிக் காற்றாலைகளை நிறுத்திவைக்க நேரிடுகையில், வீணாகப் போகும் அந்தச் சக்தியால் நீரை மேலே ஏற்றி, மறுநாள் சூரியன் சாய்ந்து வீடுதோறும் விளக்கு ஏற்றப்படும் வேளையில் அதைக் கீழே விடுவோமானால், அந்த மாலை நேரத்துக்காக மட்டும் ஓர் அனல் உலை எரிய வேண்டிய அவசியம் குறையும். இழந்த இருபது, இருபத்தைந்து யூனிட்டை நஷ்டக் கணக்கில் எழுதுகிறவன் எரியாத நிலக்கரியை லாபக் கணக்கில் எழுத மறக்கலாகாது.

இதனால் உன் திட்டம் குற்றமற்றது என்று எண்ணி இருந்துவிடாதே. மின்நிலையம் பூமிக்கு அடியில் இருப்பதால் மேலே மலை பத்திரமாக இருக்கும் என்பார்கள். குடைந்தெடுத்த கல்லும் மண்ணும் எங்கே போகும் என்று கேள். சரிவில் கொட்டினால் முதல் பெருமழையில் அது ஓடையில் இறங்கும். மலைமடிப்புகளில் உள்ள சதுப்புகளில் கொட்டினால், ஆண்டு முழுவதும் ஊறிக் கசியும் நீர்க்கண் ஒன்று சாஸ்வதமாக மூடிப்போகும். நகரத்து அலுவலகத்தில் வரைந்த வரைபடத்தில் அந்தச் சதுப்பு வெறும் வெற்றிடமாகத்தான் காணப்படும். லாரிகளுக்காக வெட்டிய பாதை, வேலை முடிந்த பின் எதற்கு உபயோகமாகும், யார் அதன் வழியே உள்ளே வருவார்கள் என்பதையும் இப்போதே தீர்மானிக்க வேண்டும். நாள்தோறும் ஏறி இறங்கும் நீர்மட்டம் கரையை அரிக்கும். எந்தக் கரையை, எவ்வளவு என்று ஆரம்பத்திலிருந்தே அளந்துவை.

நீர்ப்பிடிப்பைப் பற்றி இன்னும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஏனெனில் பொறியாளர்கள் அதை வனத்துறையின் காரியம் என்று ஒதுக்குகிறார்கள். உயர்மலைப் புல்வெளி தரிசு நிலமன்று. மழையை வாங்கிப் பதுக்கி, மாசி பங்குனியிலும் ஓடை வற்றாமல் கொஞ்சங் கொஞ்சமாக விடுவது அதுவும் அருகிலுள்ள சோலையும்தான். தோல் பதனிடும் பட்டைக்காகவும் விறகுக்காகவும் அந்தப் புல்வெளிகளில் சீகை (வாட்டில்) மரத்தையும் கற்பூர (யூகலிப்டஸ்) மரத்தையும் பரப்பிவிட்டோம். சீகை தானாகவே பரவிப் புல்லை விழுங்கிக்கொண்டிருக்கிறது. மரம் நட்டால் நன்மைதான் என்ற பொது அபிப்பிராயம் இந்த மலையில் பொருந்தாது. ஆதலால் உன் திட்டத்தின் செலவுக் கணக்கில், நட வேண்டிய கன்றுகளுக்கு மாத்திரமன்றி, அகற்ற வேண்டிய சீகைக்கும் ஒரு தொகை கேள். மேலதிகாரி வியப்போடு பார்ப்பார். அணைக்கு நீர் வரும் வழியைச் செப்பனிடுவதாக விளக்கு.

காயம்பட்ட இடத்தின் பிரயோஜனத்தை முழுவதும் பெற வேண்டும் என்ற நியாயம் ஆரல்வாய்மொழிக் காற்றாலைகளுக்கும் பொருந்தும். காற்று மிக நன்றாக வீசும் ஸ்தலங்களில் முப்பது ஆண்டுகளுக்கு முன் நிறுவிய காற்றாலைகள் பல 250 கிலோவாட்டுக்கு மேற்படாதவை. இன்று ஒரு காற்றாலையே 2 மெகாவாட்டைத் தாண்டுகிறது. காற்றின் வேகம் இரு மடங்கானால் அதிலுள்ள சக்தி எட்டு மடங்காகும் என்று படித்த நாம், முதல்தரமான இடங்களைப் பழைய இயந்திரங்களிடம் விட்டுவிட்டுப் புதிய நிலம் தேடி அலைகிறோம். துண்டுநிலம் பலர் கையில் இருப்பதும், பெரிய இயந்திரங்களுக்கு இடைவெளி அதிகம் வேண்டியிருப்பதும் மெய்யான சிரமங்கள், தீர்க்கக்கூடிய சிரமங்கள்.

காயம்படாத இடத்தைப் பற்றிக் கேட்டால், குந்திப்புழை ஆற்றைச் சொல்வேன். எழுபதுகளில் கேரளத்தின் அமைதிப் பள்ளத்தாக்கில் அந்த ஆற்றின் குறுக்கே அணை கட்ட முயன்றவர்கள் கொடியவர்களல்லர். மலபார்ப் பிரதேசத்துக்கு மின்சாரம் உண்மையாகவே தேவைப்பட்டது. எதிர்த்தவர்களில் கவிஞர்கள் பலர் இருந்ததை எல்லோரும் அறிவர். ஆனால் கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத்தின் சார்பில் அந்தத் திட்டத்தை ஆராய்ந்து எழுதியவர்களில் பொறியியல் கற்றவர்களும் இருந்தார்கள் என்பதையும், மலபாரின் தேவையை வேறு வழியில் நிறைவேற்றலாம் என்று அவர்கள் கணக்கோடு வாதித்தார்கள் என்பதையும் நீ நினைவில் வைக்க வேண்டும். அங்கே வாழும் சிங்கவால் குரங்கின் மீதுள்ள இரக்கத்தோடு அந்தக் கணக்கும் சேர்ந்த பிறகே வாதம் வலுப்பெற்றது. 1984-இல் அந்தக் காடு தேசியப் பூங்காவாயிற்று. மாற்றுக் கணக்கைப் போடத் தெரிந்தவன் நீ. அதைப் போட்டுப் பார்க்காமல் எந்தப் பள்ளத்தாக்கின் வரைபடத்திலும் கையெழுத்திடாதே.

பணியில் சேர்ந்ததும் முதல் மாதத்தில் ஜீப்பை விட்டு இறங்கி, போர்த்திமந்திலிருந்து எமரால்டு வரை நடந்து பார். அருகிலுள்ள தோடர் குடியிருப்புகளான மந்துகளில் முதியவர்களைக் கண்டு, மரியாதையாக உட்கார்ந்து, எந்த ஓடை எந்த மாதத்தில் வற்றுகிறது, எங்கே எருமைகள் நீர் குடிக்கின்றன என்று கேட்டுக் குறித்துக்கொள். ஆனி மழையில் ஒருமுறையும், மாசிப் பனியில் மறுமுறையும் போக வேண்டும். அந்தக் குறிப்புகளைக் கல் மண் கொட்டும் இடங்களின் வரைபடத்தின் மேல் பொருத்தி, எங்கே முரண்படுகிறதோ அங்கே சிவப்பு மையால் கோடிட்டு, உன் மேற்பொறியாளரிடம் எழுத்து மூலமாகவே கொடு. நகல் ஒன்று எனக்கும் அனுப்பு. மலையில் குளிர் கடுமையாக இருக்கும். கம்பளி எடுத்துப் போ.

இப்படிக்கு,
உன் நலம் விரும்பும்
ஓய்வுபெற்ற பொறியாளன்